அடியில் ஐந்து, மூடியில் ஆறு

ஹாரன் அண்ணன் கொண்டுவரும் மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டால் முடி கொட்டுகிறது என்று எனக்கு முதலில் சொன்னவர் சலூன்காரர். முடி விஷயத்தில் அவரைவிடப் பெரிய சாட்சி யார் இருக்க முடியும்? கத்தரியை என் காதருகே நிறுத்திக்கொண்டு சொன்னார். காது அவர் வசம் இருந்ததால் நானும் அதிகம் மறுத்துப் பேசவில்லை.

“சர்வே ஆபீஸ்ல மூணு பேருக்கு மண்டை காலி. மூணு பேரும் ஹாரன் சாப்பாடு. டப்பாவோட சூடு பண்றாங்க இல்ல, அது உருகி சூப்புல இறங்குது. இறங்கி நேரா தலைக்குப் போகுது.”

“வயித்துக்குள்ள போறது எப்படிங்க தலைக்குப் போகும்?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. மூணு தலை என் கையை விட்டுப் போச்சு. அது தெரியும்.”

பெஞ்சில் காத்திருந்த ஒருவர் தன் மச்சினனுக்கும் முன்நெற்றி ஏறிவிட்டதாகச் சொன்னார். மச்சினன் வேறு ஊரில் இருக்கிறான், ஹாரன் சாப்பாட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் சேர்த்துக்கொள்ளப்பட்டான். சலூன்காரர் துண்டை உதறும்போது மூன்று தலை நான்கு தலையாகியிருந்தது.

எனக்கு ஹாரன் அண்ணனைத் தெரியும். எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் குடியிருக்கிறார். வாலிபம் முழுக்கப் பஸ் ஓட்டியவர். வாயைத் திறக்குமுன் தொண்டையை ஒரு முறை செருமுவார். அந்தச் சத்தத்துக்கு வாசலில் நிற்பவர்கள் தாமாக ஒதுங்குவார்கள். அதனால் வந்த பெயர்தான் ஹாரன். ஒரு நாள் வண்டியிலிருந்து இறங்கும்போது இடுப்பில் டிஸ்க் நழுவியது. இனி நீண்ட நேரம் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து வழியனுப்பியது. அதை எதிரே மாட்டி, அதையே பார்த்துக்கொண்டு சில மாதம் உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி, எனக்கு அண்ணி, அதற்கு முன் ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை பார்த்தவர். ஆட்களைக் கணக்கில்லாமல் சமாளித்துப் பழகியவருக்கு, ஒரே ஒரு ஆள் நாற்காலியில் சும்மா இருப்பது தாங்கவில்லை. “எழுந்திருங்க டிரைவர். நான் சமைக்கிறேன், நீங்க ஓட்டுங்க” என்றார். அப்படி ஆரம்பித்ததுதான் மதியச் சாப்பாடு: சோறு, அவித்த பயறு, மீனோ கோழியோ, ஒரு சின்ன டப்பாவில் சூப். ஸ்கூட்டரின் பின்னால் ஒரு பெரிய கூடையைக் கட்டி, பதினொன்றரைக்குக் கிளம்புவார். வேகம் கிடையாது. பழக்கதோஷத்தில் எல்லா பஸ் ஸ்டாப்பிலும் ஓரங்கட்டி நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். ஒரு முறை ஸ்டாப்பில் நின்ற ஒருவர், “இது எங்க போகுது?” என்று கேட்டாராம். இவரும் யோசிக்காமல் “சர்வே ஆபீஸ்” என்றாராம்.

ஆகவே, ஊர்க்கதைகளைப் பத்திரிகைக்கு எழுதுகிற நானும் சர்வே ஆபீசுக்குப் போனேன்.

மூன்று மொட்டைத் தலைகளும் இருந்தன. அதில் சலூன்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் வராந்தாவில் ஒரு குரூப் போட்டோ மாட்டியிருந்தது. கட்டடம் திறந்தபோது எடுத்தது. ஹாரன் அண்ணன் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். போட்டோவில் முதல் மொட்டை இடது காதிலிருந்து வலது காதுக்கு நாலு முடியால் பாலம் போட்டிருந்தார். இரண்டாமவர் உச்சி வெயிலில் எல்லோரும் கண்ணைச் சுருக்கும்போது தான் மட்டும் தொப்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். மூன்றாமவரின் தலை அன்றைக்கே பளபளத்தது. அவரிடம் நேரடியாகக் கேட்டேன்.

“நான் அவர் சாப்பாட்டைத் தொட்டதே இல்ல சார். எனக்கு அல்சர். வீட்டுக் கஞ்சிதான்.”

“அப்போ தலை?”

“எங்க அப்பா கொடுத்தது.”

முடி வதந்தி அத்தோடு முடிந்தது. வெளியே வரும்போது வரைபட நகல் எடுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா என்னை நிறுத்தினார்.

“முடி பொய்யா இருக்கலாம் சார். வாசனை பொய் இல்ல.”

தன் சூப் டப்பாவை மைக்ரோவேவில் வைத்து எடுத்து நீட்டினார். கண்ணாடி போலத் தெளிவான மூடி நடுவில் உப்பி, ஓரம் மடங்கி, சரியாகத் தூங்காதவர் முகம் மாதிரி இருந்தது. திறந்தேன். சூப் வாசனைக்கு மேலே இன்னொன்று வந்தது. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் பொம்மையை முகர்ந்தால் வருமே, அது.

“இதைத்தான் மேடம்கிட்ட சொன்னேன். பக்கத்துல நின்னவங்க முடியச் சேர்த்துட்டாங்க” என்றார்.

மேடம் என்றால் அந்த அலுவலகத்தின் மேலதிகாரி. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி வரை யாரையும் உள்ளே விடமாட்டார். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்: “வெள்ளிக்கிழமை முடிவு பண்றேன். டப்பா சரியில்லன்னா சாப்பாட்டை நிறுத்திடுவேன். அவர் நல்லவர், சாப்பாடும் நல்லா இருக்கு, அது வேற விஷயம்.”

அன்று சாயந்திரம் ஹாரன் அண்ணன் வீட்டுச் சமையலறையில் போய் நின்றேன். பின்கட்டில் நீள அறை. இரண்டு பெரிய அடுப்பு, ஜன்னலோரம் அலுமினிய மேசை, சுவர் முழுக்கத் தட்டு. தட்டுகளில் டப்பாக்கள் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன. சேதி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது.

“முடியா தம்பி? எங்க டிரைவர் தலையப் பாருங்க. மூணு வேளையும் இதே சாப்பாடு” என்றார் அண்ணி.

ஹாரன் அண்ணன் கீழ்ப்படிந்து குனிந்தார். வாசல் மிதியடி போல அடர்த்தி. குனிந்தபடியே தொண்டையைச் செருமி, “ஆனா நான் டப்பாவுல சாப்பிடறதில்ல, தட்டுல” என்றார்.

“உங்களை யாராவது கேட்டாங்களா?”

“சொன்னேன்.”

“ஓட்டத் தெரியுது, நிறுத்தத் தெரியல” என்று சொல்லி, அண்ணி என் பக்கம் திரும்பினார். “அந்த ஆபீஸ் போச்சுன்னா மிச்சம் ஒரு பேங்கும் ஒரு பல் டாக்டரும். பல் டாக்டர் சூப் மட்டும்தான் வாங்குவார். அதுக்கு ரெண்டு அடுப்பு எதுக்கு? பெரிய பாத்திரத்தை எல்லாம் எடைக்குப் போட்டுட்டு, நான் மறுபடி விடுதிக்குப் போகணும். காலையில நாலு மணிக்கு.”

“நான் வண்டி எடுக்கறேன்” என்றார் ஹாரன் அண்ணன்.

“எடுங்க. இடுப்பை மட்டும் இங்க வச்சுட்டுப் போங்க.”

நான் ஒரு டப்பாவை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். பால் வெள்ளை நிறம். அடியில் ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள், முக்கோணமாக. நடுவில் ஐந்து. மூடியைத் திருப்பினால் ஓரத்தில், கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும் அளவில், அதே முக்கோணம். நடுவில் ஆறு.

“டப்பாவும் மூடியும் சேர்ந்து வாங்கினதா அண்ணி?”

“முதல்ல செட்டாதான் வாங்கினேன். ரெண்டும் வெள்ளை. அந்த டப்பாதான் திரும்பி வரலயே. அனுப்பறது ஒரு கணக்கு, வர்றது ஒரு கணக்கு. படிச்சவங்க, உத்தியோகத்துல இருக்கறவங்க, டப்பா திருடுவாங்களா? திருடறாங்க தம்பி.”

“இவ எண்ணினது தப்பா இருக்கும்” என்றார் ஹாரன் அண்ணன்.

இது அந்த வீட்டில் பழைய சண்டை என்பது இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பேசியதிலேயே தெரிந்தது. டப்பாக்கள் காணாமல் போகப் போக, செட்டாக வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. கடைக்காரர் வெள்ளை டப்பாவை மூடி இல்லாமல் கொடுத்து, அதன்மேல் சரியாக உட்காரும் வேறு மூடியைக் காட்டினார். மலிவு, தெளிவு, திறக்காமலே உள்ளே இருப்பது தெரியும், அழுத்தினால் ‘டக்’ என்று மூடும். அண்ணிக்கு அந்த ‘டக்’ பிடித்துவிட்டது.

வேறொன்றும் கவனித்தேன். சில டப்பாக்களின் அடியில், வெளிப்புறம், கத்தியால் கீறியது போல் சின்னச் சின்னக் கோடுகள். ஒன்று, மூன்று, நான்கு என வரிசையாக.

“அது ஸ்பூன் கீறல்” என்றார் அண்ணி.

“வெளிப்பக்கமாவா?”

அண்ணி டப்பாவை வாங்கிப் பார்த்தார். கோடுகளை நகத்தால் தடவினார்.

என் மனைவியின் தங்கை உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மறுநாள் டப்பாவையும் மூடியையும் ஒரு பையில் போட்டு அவளிடம் கொண்டுபோனேன். அவள் பையைப் பிரிக்குமுன் கேட்டாள்:

“அத்தான், உங்களுக்கு உண்மை வேணுமா, பயம் வேணுமா?”

“ரெண்டும் இருந்தா கொடு. பயத்தை வச்சு நல்லா எழுதலாம்.”

“பயம் ஸ்டாக் இல்ல” என்று சொல்லி உட்காரச் சொன்னாள்.

அவள் சொன்னதை என் புத்திக்கு எட்டியவரை தருகிறேன். முக்கோணத்துக்குள் இருக்கும் எண் மார்க் அல்ல, ரேங்க் அல்ல. எந்த ரகப் பிளாஸ்டிக் என்பதன் அடையாளம். பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கிறவர்களுக்காகப் போடுவது. ஐந்து என்றால் சூடு தாங்கும் ரகம், சாப்பாட்டு டப்பாக்கள் பெரும்பாலும் அதில்தான் வரும். இரண்டு என்பது பால் கேன் மாதிரி கெட்டியான சமாச்சாரம், பயமில்லை, ஆனால் அடுப்படிச் சூட்டுக்கு வேண்டாம். ஒன்று தண்ணீர் பாட்டில். குளிர்ந்த தண்ணீருக்குச் சரி, வெந்நீர் ஊற்றினால் சுருங்கிப் போகும். மூன்றையும் ஆறையும் சூடான சாப்பாட்டின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

“ஏழு?”

“ஏழுன்னா ‘மத்தவை’. கல்யாண வீட்டுல கடைசி வரிசை மாதிரி, யார் யாரோ இருப்பாங்க. நல்லவங்களும் இருப்பாங்க. யாருன்னு தெரியாம சூடு பண்ணாதீங்க.”

“அப்போ ஐந்து இருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம்.”

“கண்ணைத் திறந்துட்டு வாங்குங்க. பெயின்ட் வாளிகூட ஐந்துதான். அதுல மாவு கொட்டி வைக்கிறவங்க இருக்காங்க. சாப்பாட்டுக்குன்னு செஞ்சதா, கோப்பையும் முள்கரண்டியும் போட்ட குறி இருக்கான்னு பாக்கணும். உள்பக்கம் கீறல் விழுந்து, மங்கிப் போய், எண்ணெய் வாசனை போகலன்னா, எந்த எண்ணா இருந்தாலும் ஓய்வு கொடுத்துடணும்.”

பிறகு மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “இது ஆறு. ஆறின சாப்பாட்டு மேல மூடி வைக்கலாம். மைக்ரோவேவுக்கு ஆகாது. கொதிக்கிற சூப், அதுவும் மீன் எண்ணெய் மிதக்கிற சூப், இதுல தெறிச்சா கொஞ்சம் கொஞ்சமா இதுலேர்ந்து ரசாயனம் இறங்கும். இன்னிக்குச் சாப்பிட்டவர் நாளைக்கு விழுந்துட மாட்டார். ஆனா தேவையில்லாத ஒண்ணை எதுக்கு தினமும் வயித்துக்குள்ள அனுப்பணும்?”

“முடி?”

“யார் சொன்னது?”

“சலூன்காரர்.”

“அவரை ஒரு நாள் இங்க அனுப்புங்க. எங்க டைரக்டரைக் காட்டறேன். வீட்டுச் சாப்பாடுதான், மண்டை காலி.”

டப்பா நல்லது, மூடிதான் கோளாறு. பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதி, அந்தக் கோடுகள். எதையும் கேட்காமல் சர்வே ஆபீசின் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.

அங்கே பெரிய சர்வேயர் ஒருவர் இருக்கிறார். பணியில் மூத்தவர். நடக்கும்போதுகூட அடி அளந்து வைப்பவர். சாப்பிட்டு முடித்தார். டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவினார், துடைத்தார், கவிழ்த்தார். மேசை டிராயரிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து, அடியில் பவ்வியமாக ஒரு கோடு கீறினார். கோடுகளை விரலால் தொட்டு எண்ணினார். பிறகு எழுந்துபோய் அந்த டப்பாவைக் குப்பைக்கூடையில் போட்டார்.

“ஏன் சார் போட்டுட்டீங்க?”

“ஆயுசு முடிஞ்சது.” அவர் என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். “கவனிக்கறதில்ல யாரும். இந்த அம்பு பாருங்க, சுத்திச் சுத்தி வருது. அப்படின்னா மறுபடி மறுபடி உபயோகிக்கலாம்னு அர்த்தம். எத்தனை தடவை? நடுவுல போட்டிருக்கான். அஞ்சு. ஆறாவது தடவை உபயோகிச்சா விஷம். நம்ம ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கேன்.”

நான் மற்ற மேசைகளைப் பார்த்தேன். ஆளுக்கொரு கத்தி, பேனா முனை, காம்பஸ் ஊசி. ஆபீஸ் மொத்தமும் டப்பாவைக் கவிழ்த்துக் கீறிக்கொண்டிருந்தது. ஊரில் வேறு யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். தினமும் கல்லிலும் வரப்பிலும் குறி போட்டு, குறியைப் பார்த்தே பிழைப்பவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும். அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று எனக்கே இரண்டு நிமிடம் பிடிபடவில்லை.

“மூடி எங்க சார்?”

அவர் கீழ் டிராயரை இழுத்தார். உள்ளே தெளிவான மூடிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்புவரை.

“மூடியில ஆறு போட்டிருக்கே. இன்னும் ஒரு தடவை இருக்கு. வீணாக்கக் கூடாது இல்ல?”

வெள்ளிக்கிழமை மேடத்தின் அறையில் நாற்காலிகள் போதவில்லை. ஹாரன் அண்ணன் வந்திருந்தார். அண்ணியும் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார். வழியில் எத்தனை ஸ்டாப் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தபோதும் அதைப் பற்றித்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பெரிய சர்வேயரும் நகல் பிரிவு அக்காவும் சுவரோரம் நின்றார்கள்.

பரிசோதனைக் கூடத்தில் கேட்டதை நான் சொன்னேன். எண் என்ன என்று சொன்னேன். குப்பைக்கூடையைப் பற்றியும் சொன்னேன். அண்ணி மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

“எண்ணினது தப்பா?”

“போலாம்” என்றார் அவர். கண்டக்டரிடமிருந்து ஒட்டிக்கொண்ட சொல், மாட்டிக்கொண்டால் வெளியே வரும்.

பெரிய சர்வேயர் விடவில்லை. “ரகத்தோட பேரைச் சொல்லணும்னா பேரைப் போட வேண்டியதுதானே. எதுக்கு எண்ணு?”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “நம்ம எல்லைக் கல்லுல நம்பர் போடறோமே. இருபத்தி மூணாம் நம்பர் கல்லை இருபத்தி மூணு தடவைதான் தாண்டலாமா?”

நகல் பிரிவு அக்கா இருமினார். அது சிரிப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அண்ணி எழுந்து நின்றார். “மேடம், டப்பாவத் தூக்கிப் போட்டது அவங்க தப்பு. மூடிய மாத்தினது என் தப்பு. நல்லா மூடுதேன்னு வாங்கிட்டேன். சூடு தாங்குமான்னு கேக்கல. கடைக்காரரும் சொல்லல. இந்த அம்மா வாசனை வருதுன்னு சொன்னாங்கன்னு தெரிஞ்சப்போ, நானே ஒரு தடவை சூடு பண்ணிப் பாத்திருக்கணும். பாக்கல. எங்க வீட்டுல மைக்ரோவேவ் கிடையாது, அதையும் சொல்லிடறேன். சாப்பாட்டை நிறுத்தறதுன்னா நிறுத்துங்க. ஆனா முடிக்காக நிறுத்தினோம்னு மட்டும் வெளியில சொல்லாதீங்க.”

ஹாரன் அண்ணன் அவரைப் பார்த்தார். அண்ணி இவ்வளவு பணிவாகப் பேசி அவர் கேட்டதில்லை போலும். தொண்டையைச் செருமினார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். புதிது. டப்பாவிலும் ஐந்து, மூடியிலும் ஐந்து, சூடு தாங்கும் என்பதற்கான அலைக் குறியும் இருந்தது. மூடிதான் கோளாறு என்று முந்தின நாள் நான் சொன்னதை வைத்து, காலையிலேயே கடைக்குப் போய், ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்து வாங்கி வந்திருக்கிறார். அண்ணிக்கே தெரியாது.

மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்: தெளிவான மூடி இன்றோடு ஒழிய வேண்டும். சாப்பாடு இந்த மாதிரி டப்பாவில் வரட்டும். சூடு பண்ணுகிறவர்கள் தட்டில் கொட்டிச் சூடு பண்ண வேண்டும். கட்டடத் திறப்பு விழாவுக்கு வாங்கிய பீங்கான் தட்டுகள் அலமாரியில் அட்டைப்பெட்டியோடு தூங்குகின்றன, அவற்றை எழுப்பலாம். யாரும் எதையும் கீறக் கூடாது. திங்கட்கிழமை முதல் வழக்கம்போல் சாப்பாடு வரலாம்.

அண்ணி உட்கார்ந்தார். அடுப்பு இரண்டும் தப்பின.

“தூக்கிப் போட்ட டப்பா எல்லாம்?” என்றார் அவர், சற்றுப் பழைய குரலில்.

ஆபீஸ் பணத்தில் வாங்கித் தர விதியில் இடமில்லை என்றார் மேடம். “போட்டவங்க ஆளுக்கு ஒண்ணு கொண்டுவந்து கொடுங்க.”

அடுத்த வாரத்துக்குள் பெரும்பாலும் வந்துவிட்டது. நகல் பிரிவு அக்கா இரண்டு கொடுத்தார். அல்சர்காரர் சாப்பிடாமலே ஒன்று கொடுத்தார், தன் தலையை வழக்கிலிருந்து விடுவித்ததற்காக. சலூனில் இப்போது வேறு விஷயம் ஓடுகிறது. தண்ணீர் டாங்கில் ஏதோ கலக்கிறார்களாம்.

பெரிய சர்வேயர் மட்டும் இன்னும் தரவில்லை. மனமில்லாமல் இல்லை. ஒரு டப்பா வாங்கத்தான் போனார். கடையில் முதல் டப்பாவைக் கவிழ்த்தார், ஐந்து இருந்தது, கோப்பையும் முள்கரண்டியும் இல்லை. அடுத்ததில் எல்லாம் இருந்தது, மூடியில் எண் அழிந்திருந்தது. அதற்கடுத்ததில் மூடி சரி, ஓரத்தில் கீறல். இப்போது தினமும் சாயந்திரம் பூதக்கண்ணாடியோடு போகிறார். கடைக்காரர் அவருக்கென்று ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார். வாங்க வருகிறவர்கள் கடைக்காரரை விட்டுவிட்டு அவரைக் கேட்கிறார்கள்.

நேற்று வாசலில் அண்ணியிடம் கேட்டேன்.

“அவர் டப்பா வந்துச்சா?”

“நாளைக்கு நல்லதா ஒண்ணு வருதாம். கடைக்காரர் சொல்லியிருக்காராம்” என்று சொல்லிவிட்டு, பயறு வெந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போனார்.